அட்லாண்டிக் தாண்டிய சொந்தம்: டி.என்.ஏ. மேட்ச் பட்டியலை வைத்துத் தேடுவது எப்படி

ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களில் டி.என்.ஏ. டெஸ்ட் ரிசல்ட் வந்த அன்று எல்லோரும் முதலில் திறப்பது அந்த வண்ண வரைபடத்தைத்தான். நைஜீரியா 31 சதவீதம், கேமரூன்–காங்கோ 22, ஐவரி கோஸ்ட்–கானா 14, மாலி 9, செனகல் 4, மிச்சம் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவார்கள். "அப்ப நாம நைஜீரியாக்காரங்க" என்று ஒருவர் முடிவே கட்டிவிடுவார். சில மாதம் கழித்துக் கம்பெனி தன் கணக்கைப் புதுப்பிக்கும். நைஜீரியா 31 என்பது 19 ஆகியிருக்கும். பெனின்–டோகோ என்று புதிதாக ஒன்று முளைத்திருக்கும். ரத்தம் மாறவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மாதிரிகள்தான் மாறின.

அந்தச் சதவீதம் ஒரு மதிப்பீடு. தலைமுறை தலைமுறையாக ஒரே பகுதியில் இருக்கும் ஆட்களின் டி.என்.ஏ.வைச் சேர்த்து வைத்து, உங்கள் துண்டு ஒவ்வொன்றும் யாருடையதைப் போல இருக்கிறது என்று போடும் கணக்கு அது. ஆப்பிரிக்காவுக்கு அந்த மாதிரித் தொகுப்பு இன்னும் மெலிந்தே இருக்கிறது. அது போக, இந்த நாட்டு எல்லைகள் பெரும்பாலும் 1884–85 பெர்லின் மாநாட்டை ஒட்டி ஐரோப்பியர் கிழித்தவை. ஏவே மக்கள் கானாவிலும் இருக்கிறார்கள், டோகோவிலும் இருக்கிறார்கள். யொரூபா மக்கள் நைஜீரியாவிலும் பெனினிலும். 1760இல் கப்பலேறியவருக்கு "நைஜீரியா" என்ற சொல்லே தெரியாது.

சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் திறக்க வேண்டியது வரைபடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பக்கம்: மேட்ச் பட்டியல். (பொருத்தம் என்று எழுதினால் ஜாதகம் நினைவுக்கு வருகிறது. மேட்ச் என்றே வைத்துக்கொள்வோம்.) உங்களோடு டி.என்.ஏ. துண்டு பகிரும், அதே கம்பெனியில் டெஸ்ட் எடுத்த உயிருள்ள மனிதர்களின் பட்டியல் அது. பத்தாயிரம் பேர் இருப்பார்கள். அதில் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள், மூன்று பேர் இருக்கலாம், முப்பது பேர் இருக்கலாம். வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காகிதம் நிற்கும் இடம்

அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டார்கள். உயிரோடு மறு கரையில் இறங்கியவர்கள் 1 கோடியே 7 லட்சம். அதில் இன்றைய அமெரிக்காவின் நிலப்பரப்புக்கு நேராக வந்தவர்கள் சுமார் 3,88,000 பேர்தான். 1808இலிருந்து இறக்குமதிக்குச் சட்டப்படி தடை வந்தது. கடைசியாக அறியப்பட்ட கப்பலான க்ளோடில்டா 1860இல் அலபாமாவின் மொபீல் நகருக்குக் கள்ளத்தனமாக வந்தது. ஆகவே, இன்று நாற்பது வயதில் இருக்கும் ஒரு ஆப்பிரிக்க அமெரிக்கருக்குக் கப்பலில் வந்த முன்னோர்களில் பெரும்பாலோர் 1700களில் வந்தவர்கள். ஏழெட்டுத் தலைமுறை. எட்டாவது படியில் மட்டும் 256 முன்னோர் நிற்பார்கள். "என் ஊர் எது?" என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடையாது, பல ஊர்கள் உண்டு என்பதை முதலிலேயே வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள்.

பத்திரங்கள் பின்னோக்கிப் போகும்போது 1870இல் முட்டி நிற்கும். விடுதலையான மக்கள் எல்லோரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு அதுதான். 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்குத் தனிப் படிவம். அதில் முதலாளி பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும். தமிழ் வாசகர்களுக்கு இதன் கொடுமை ஒரு ஒப்பீட்டில் உடனே விளங்கும். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒன்றரை லட்சம் இந்தியர்களுக்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது: பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, கிராமம். டர்பனில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் எழுத்துப்பிழையோடு மல்லுக்கட்டியாவது வட ஆற்காட்டில் ஒரு கிராமத்தில் வந்து நிற்க முடியும். அமெரிக்காவின் சார்லஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டவர்களுக்கு அந்தக் காகிதம் எழுதப்படவே இல்லை. அந்த இடைவெளியைத் தாண்டத்தான் டி.என்.ஏ.

எந்த டெஸ்ட்

மூன்று வகை. தாய்வழி டெஸ்ட் அம்மா, அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா என்று ஒரே ஒரு கோட்டைப் பிடித்துப் போகும். ஒய் டெஸ்ட் ஆண்களுக்கு மட்டும். அப்பா, அப்பாவின் அப்பா என்ற கோடு. மூன்றாவது ஆட்டோசோமல், இரண்டு பக்கத்து எல்லா முன்னோரிடமிருந்தும் வந்த கலவையைப் பார்க்கும். உறவினர் பட்டியல் வேண்டுமானால் ஆட்டோசோமல்தான். காசு குறைவாக இருந்தால் இது ஒன்று போதும்.

2003இல் ரிக் கிட்டில்ஸும் ஜீனா பெய்ஜும் தொடங்கிய ஆஃப்ரிக்கன் ஆன்செஸ்ட்ரி கம்பெனி முதல் இரண்டு கோடுகளை மட்டும் பார்த்து, "உங்கள் தாய்வழி சியரா லியோனின் மெண்டே மக்களோடு ஒத்துப்போகிறது" என்பது போன்ற முடிவைத் தருகிறது. பலருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதில் உயிரோடு இருக்கும் உறவினர் பட்டியல் வராது. 256 பேரில் ஒருவரைப் பற்றிய செய்திதான் அது. இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரே தாய்வழி வகை பல இன மக்களிடம் பரவிக் கிடக்கிறது. 2006இல் வந்த ஓர் ஆய்வில், ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் தாய்வழி டி.என்.ஏ.வில் பாதிக்கு மேல் பல இனக்குழுக்களுக்குப் பொதுவாக இருந்தது. ஒரே ஒரு குழுவோடு மட்டும் ஒத்துப்போனது பத்து சதவீதத்துக்கும் குறைவு. ஒய் கோட்டில் வேறு அதிர்ச்சி காத்திருக்கும். ஆப்பிரிக்க அமெரிக்க ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்தக் கோடு ஐரோப்பாவில் போய் முடியும். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அடிமைப் பெண்கள் மீது வெள்ளை முதலாளிகள் நடத்திய வன்கொடுமை. தாத்தாவுக்கு டெஸ்ட் எடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவது மரியாதை.

ஆன்செஸ்ட்ரி என்ற வேறொரு கம்பெனியில் கூட்டம் அதிகம், அமெரிக்கப் பக்கத்துச் சொந்தங்களைப் பிரிக்க அதுவே தோது. அங்கிருந்து உங்கள் மூலத் தரவுக் கோப்பை இறக்கி, ஜெட்மேட்ச், ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. போல வெளிக் கோப்பை வாங்கிக்கொள்ளும் தளங்களில் ஏற்றினால், ஒரே எச்சிலில் இரண்டு மூன்று குளத்தில் தூண்டில் போட்ட மாதிரி. ஏற்றுவதற்கான விதிகள் அடிக்கடி மாறும். ஜெட்மேட்ச்சில் போலீஸ் தேடலுக்கு உங்கள் கோப்பைத் திறந்து விடுவதா வேண்டாமா என்று ஒரு கேள்வி வரும், படித்துவிட்டு டிக் செய்யுங்கள்.

யாருக்கு எடுப்பது? வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்த தலைமுறைக்கு. பாட்டியிடம் இருக்கும் ஒரு துண்டு அம்மாவுக்கு வரும் வாய்ப்பு பாதி. உங்களுக்கு வருவது கால். அறுபது டாலர் தள்ளுபடிக் கிட்டை நீங்கள் எடுத்துக்கொண்டு 88 வயது அத்தையை விட்டுவிடுவது, நெல்லை விட்டுவிட்டுத் தவிட்டை மூட்டை கட்டுவது போல.

வயதானவர்களிடம் மாதிரி எடுப்பதில்தான் பாதி கிட் வீணாகிறது. எச்சில் குழாயில் கோடு வரை நிரப்ப வேண்டும். நுரை கணக்கில் சேராது, கோட்டுக்கு மேல் நுரை நின்றால் கீழே திரவம் குறைவு என்று அர்த்தம். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்து சாப்பாடு, தண்ணீர், காபி, புகையிலை எதுவும் கூடாது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வாய் வறண்டிருக்கும். கன்னத்தை வெளியிலிருந்து மெல்லத் தேய்த்துவிட்டு, காலையில் எழுந்தவுடன், பத்து நிமிடம் பொறுமையாக உட்கார வைத்தால் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் கன்னத்தில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து எடுக்கும் கம்பெனியின் கிட்டை வாங்குங்கள். மூடியைத் திருகும்போது உள்ளே இருக்கும் பாதுகாப்புத் திரவம் இறங்கி எச்சிலோடு கலக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மூடியை இன்னும் இறுக்குங்கள், பிறகு ஐந்து விநாடி குலுக்குங்கள். கிட்டின் எண்ணைப் பதிவு செய்யாமல் தபாலில் போட்டுவிட்டு, யாருடையது எது என்று தெரியாமல் தவிப்பவர்கள் எல்லா மாதமும் வருகிறார்கள். பெட்டியைத் திறந்ததும் எண்ணை மொபைலில் படம் எடுத்து, பக்கத்தில் ஆள் பெயரை எழுதி வையுங்கள்.

பட்டியலைச் சலிப்பது

பகிரும் டி.என்.ஏ.வின் அளவு சென்டிமார்கன். செ.மா. என்று சுருக்கிக்கொள்வோம். தாத்தா ஒன்றானவர்கள் சராசரியாக 866 செ.மா. பகிர்வார்கள். கொள்ளுத்தாத்தா ஒன்றானவர்கள் 229. எள்ளுத்தாத்தா ஒன்றானவர்கள் 73. அதற்கு அடுத்த படியில் 35தான், அதிலும் பாதிப் பேருக்கு ஒரு துண்டும் பொதுவாக இருக்காது. ஏழாம் எட்டாம் படியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேரோடுதான் ஏதாவது ஒட்டும். அப்படியானால் ஆப்பிரிக்க மேட்ச் எப்படி வருகிறது? அந்தப் படியில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால்.

கடல் தாண்டிய உண்மையான மேட்ச் பெரும்பாலும் ஒற்றைத் துண்டாக, 8 முதல் 25 செ.மா.வுக்குள் வரும். 7க்குக் கீழே இருப்பதைத் தொடவே வேண்டாம். பெரும்பகுதி தற்செயல் ஒற்றுமை. 15க்கு மேல் ஒற்றைத் துண்டு என்றால் நம்பலாம். இடைப்பட்டவற்றுக்கு ஒரு எளிய சோதனை: அந்த ஆள் உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மேட்ச் ஆகிறாரா? ஆகிறார் என்றால் உண்மை, கூடவே எந்தப் பக்கம் என்றும் தெரிந்துவிடும். இரண்டு பேருக்கும் ஆகவில்லை என்றால் அந்த மேட்ச்சை அழித்துவிட்டுத் தூங்குங்கள்.

ஆப்பிரிக்கர்களைப் பட்டியலில் கண்டுபிடிக்கப் பெயர் ஒரு வழி. ஆனால் கொழுக்கி போட்ட மாதிரி ஒரே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு மரம் வரையப் போனால் ஏமாற்றம்தான். கானாவில் "மென்சா" என்றால் மூன்றாவது மகன். "கோஃபி" வெள்ளிக்கிழமை பிறந்த ஆண். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கே கடைசிப் பெயர் வேறு வேறாக இருப்பதுண்டு. இக்போ மக்களிடம் "ஒகாஃபோர்" என்பது அஃபோ சந்தை நாளில் பிறந்த ஆண், "ஒகோங்க்வோ" என்க்வோ நாளில் பிறந்தவன். நம் ஊரில் பிறந்த கிழமையைப் பார்த்துப் பெயர் வைப்பது போல. ஒகாஃபோர் என்ற பெயருடைய இரண்டு பேர் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. ஃபூலா மக்களின் ஜாலோ, பா, சோ, பாரி ஆகியவை குலப்பெயர்கள். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் அந்த நான்குக்குள் அடக்கம்.

பெயரை விட நல்ல அடையாளம் அந்த ஆளின் இன மதிப்பீடு. நூற்றுக்கு நூறு ஆப்பிரிக்கா என்று இருந்து, அதுவும் ஒன்றிரண்டு பகுதியிலேயே குவிந்திருந்தால் அவர் நேராக அங்கிருந்து வந்த குடும்பம். ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்குச் சராசரியாக கால் பங்கு அளவு ஐரோப்பியக் கலப்பு இருக்கும், ஆப்பிரிக்கப் பகுதியும் ஐந்தாறு இடமாகச் சிதறி இருக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணே பிரித்துக் காட்டிவிடும்.

மூன்று பொறிகள் இருக்கின்றன. முதலாவது, மேட்ச் ஆகும் ஆள் லைபீரியாவோ, சியரா லியோனின் ஃப்ரீடவுனோ என்றால் நிதானியுங்கள். 1792இல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட கறுப்பின மக்கள் ஃப்ரீடவுனுக்குப் போய்க் குடியேறினார்கள்; 1800இல் ஜமைக்கா மரூன்கள் (தப்பியோடிய அடிமைகளின் வழிவந்தோர்) போனார்கள்; 1820களிலிருந்து அமெரிக்காவிலிருந்து லைபீரியாவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அந்த மேட்ச்சின் முன்னோர் வர்ஜீனியாவில் பிறந்தவராக இருக்கலாம். உறவு உண்மைதான், திசை தலைகீழ். அக்ராவின் தாபோம் மக்களும் லாகோஸின் அகுடா குடும்பங்களும் பிரேசிலிலிருந்து திரும்பியவர்கள். அங்கேயும் இதே கதை. இரண்டாவது பொறி, ஆப்பிரிக்கர் ஒருவரோடு 100, 200 செ.மா. என்று வந்தால் அடிமைக் காலத்தைத் தேடாதீர்கள். 1960களில் படிக்க வந்த ஒரு கானா மாணவர், ஒரு நைஜீரிய டாக்டர் என்று சமீபத்தில்தான் விஷயம் இருக்கும். வீட்டில் யாரோ ஒருவர் அறுபது வருடமாக மூடி வைத்த பானை அது. மூடியைத் திறக்கும் முன் அவரிடம் தனியாகப் பேசுங்கள். மூன்றாவது, ஒரே ஒரு ஆப்பிரிக்க மேட்ச்சை வைத்து இனத்தைத் தீர்மானிப்பது. 2020இல் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்த ஓர் ஆய்வு, அமெரிக்கர்களிடம் நைஜீரியப் பங்கு கப்பல் கணக்கு சொல்வதை விட அதிகமாக இருப்பதைக் காட்டியது. கரீபியன் தீவுகளில் இறக்கப்பட்டு அங்கிருந்து மறுபடி விற்கப்பட்டவர்களால் வந்த அதிகம் அது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். மேலும், டெஸ்ட் எடுக்கும் ஆப்பிரிக்கர்களிலும் லண்டன், ஹூஸ்டன் பக்கம் குடியேறிய நைஜீரிய, கானா குடும்பங்களே கூடுதல். மாலிக்காரரும் அங்கோலாக்காரரும் பட்டியலில் தென்படாதது உறவு இல்லாததால் அல்ல, டெஸ்ட் எடுக்காததால்.

வெள்ளைக்கார மேட்ச்களை ஒதுக்காதீர்கள்

பலரும் முகம் சுளிக்கும் இடம் இது. பட்டியலில் 30, 40 செ.மா. பகிரும் வெள்ளை அமெரிக்கர்கள் வருவார்கள். பார்க்கப் பிடிக்காது, தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் 1870 சுவரில் கதவு இருப்பது பெரும்பாலும் அங்கேதான். அப்படி ஆறேழு பேரின் மரங்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு தம்பதி, ஒரு கவுண்டி (நம் ஜில்லா போல), ஒரு தோட்டம் வந்து நிற்கும். அது அடிமை முதலாளியின் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் குடும்பத்தின் பெயர் கிடைத்ததும் கவுண்டி கோர்ட்டு ஆவணங்களைப் பிடியுங்கள்: உயில், சொத்து மதிப்பீட்டுப் பட்டியல், அடமானப் பத்திரம். முதலாளி செத்ததும் அவர் சொத்தை மூன்று பேர் மதிப்பிட்டு எழுதுவார்கள். "சிவப்புப் பசு, 12 டாலர். இரும்புக் கலப்பை, 3 டாலர். கஜோ, 600 டாலர். ஃபிபாவும் கைக்குழந்தையும், 850 டாலர்" என்கிற பாணியில் மாட்டுக்கும் கலப்பைக்கும் நடுவில் உங்கள் ஆட்களின் பெயர் இருக்கும். கஜோ என்பது கானாவின் கோஜோ, திங்கட்கிழமை பிறந்த ஆண். ஃபிபா வெள்ளிக்கிழமை பிறந்த பெண். முதலாளி வைத்த ஜான், மேரிகளுக்கு நடுவில் இப்படி ஒரு கிழமைப் பெயர் கண்ணில் பட்டால் அங்கே பென்சிலால் வட்டம் போடுங்கள். ஆனால் கானாவின் அகான் மக்களுடைய இந்தக் கிழமைப் பெயர்கள் கரீபியனில் மற்றவர்களுக்கும் பரவிவிட்டன. பெயர் ஒரு தடயம், தீர்ப்பு அல்ல.

இதே கட்டத்தில் விடுதலை பெற்றவர்களுக்கான அரசுத் துறையின் தாள்களும், அவர்களுக்காகவே 1865 முதல் 1874 வரை நடந்த ஃப்ரீட்மேன்ஸ் பேங்கின் கணக்குப் படிவங்களும் உதவும். அந்த பேங்கில் கணக்குத் திறக்கப் பலரிடம் அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, பழைய முதலாளி பெயர்களைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இவை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். 1877இலிருந்து ஒரு நியூ ஆர்லியன்ஸ் கிறிஸ்தவப் பத்திரிகையில் "தொலைந்த நண்பர்கள்" என்ற பத்தி வந்தது. விற்கப்பட்டுப் பிரிந்த அம்மாவைத் தேடிப் பிள்ளைகள் போட்ட விளம்பரங்கள். லூசியானா என்றால் வரலாற்றாசிரியர் க்வென்டொலின் மிட்லோ ஹால் தொகுத்த தரவுத்தளத்தைப் பாருங்கள்: ஒரு லட்சம் பேருக்கு மேல், பலருக்கு "பம்பாரா", "வோலோஃப்" என்று இனப்பெயரோடு. பிரெஞ்சு, ஸ்பானிஷ் எழுத்தர்கள் ஆங்கிலேயரை விட இந்த விஷயத்தில் விவரமாக எழுதினார்கள்.

ஸ்லேவ் வாயேஜஸ் தரவுத்தளத்தில் கப்பல் பயணங்கள் 36,000. அதில் உங்கள் முன்னோர் பெயரைத் தேடாதீர்கள், இருக்காது. அந்தத் துறைமுகத்துக்கு அந்தப் பத்து வருடத்தில் எந்த ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பல்கள் வந்தன என்பதைப் பார்க்க அது. ஆப்பிரிக்கப் பெயர்கள் இருக்கும் பகுதி, வழிமறிக்கப்பட்ட கப்பல்களிலிருந்து விடுவிக்கப்பட்ட 91,000 சொச்சம் பேரின் பட்டியல்.

முதல் கடிதம்

கானா மேட்ச் ஒருவர் கிடைத்துவிட்டார். 19 செ.மா., ஒற்றைத் துண்டு, அம்மா வழி. பெரும்பாலும் அந்தக் கணக்கு லண்டனில் இருக்கும் மகளின் பெயரில் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் திறப்பார். "என் இழந்த வேர்களே!" என்று மூன்று பக்கம் எழுதினால் பயந்துவிடுவார். நான்கு வரி போதும். நீங்கள் யார், எத்தனை செ.மா., உங்கள் குடும்பம் தெரிந்த வரை எந்த மாநிலம், ஒரே ஒரு கேள்வி: "உங்கள் தாத்தா பாட்டிமார் நான்கு பேரும் எந்த ஊர்?" நாடு போதாது, ஊர். நான்கு பேரையும் தனித்தனியாக. இன்னொரு வரியில் "பணமோ சொத்தோ கேட்டு எழுதவில்லை" என்று சொல்லிவிட்டால் பதில் வரும் வாய்ப்பு கூடுகிறது. அந்தப் பக்கமும் மோசடிக் கடிதங்களால் சலித்துப்போனவர்கள்தான்.

பதில் வந்தால் அடுத்த வேலை, அந்தப் பக்கத்து மூத்தவர்களுக்கு டெஸ்ட். இதுதான் தேடலை ஊகத்திலிருந்து உறவுக்குக் கொண்டுபோகும் படி. அந்த 19 செ.மா. துண்டு மகளுக்கு அம்மாவிடமிருந்து வந்ததா, அப்பாவிடமிருந்தா? அம்மாவுக்கு எடுத்துப் பார்த்தால் தெரியும். அம்மாவின் அண்ணனுக்கும், ஊரில் இருக்கும் பெரியம்மா மகனுக்கும் எடுத்தால் துண்டு எந்தக் கிளையில் ஓடுகிறது என்று பிடிபடும். கிட் பல ஆப்பிரிக்க நாடுகளுக்கு நேராக அனுப்பப்படுவதில்லை; ஊருக்குப் போகிற ஆள் கையில் கொடுத்து, எடுத்து, திரும்பக் கொண்டுவருவதே நடைமுறை. உடல் மாதிரியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி தேவையா என்று அங்கே முன்கூட்டியே விசாரியுங்கள். ஒரே அறையில் ஐந்து பேருக்கு எடுக்கும்போது குழாய்கள் மாறிவிடும். ஒருவருடையதை மூடி, பெயர் எழுதி, பைக்குள் போட்ட பிறகுதான் அடுத்த கிட்டைப் பிரிக்க வேண்டும். டெஸ்ட் எடுப்பவருக்கு அவர் மொழியில் விளக்குங்கள்: இதில் நோய் பார்ப்பதில்லை, காசு வராது, பிள்ளைகளின் பிறப்பு விஷயம் ஏதாவது வெளியே வரலாம், வேண்டாம் என்றால் அழித்துவிடலாம்.

உறவு முறையைப் பதிவு செய்வதில் அமெரிக்கர்கள் தவறும் ஒரு இடத்தில் தமிழர்கள் தவறமாட்டார்கள். அகான் மக்களிடம் அம்மாவின் அக்காவும் அம்மாதான்; அவள் பிள்ளைகள் அண்ணன் தம்பி. அம்மாவின் சகோதரன் "வோஃபா". நம் தாய்மாமன் போலத் தனி அந்தஸ்து, பரம்பரைச் சொத்தும் பதவியும் அவரிடமிருந்து அக்கா தங்கை பிள்ளைக்குப் போவதே பழைய வழக்கம். "அவர் என் தம்பி" என்று கானாவின் குமாசியில் ஒருவர் சொன்னால், 'ஒரே அம்மா வயிறா, ஒரே அபுசுவாவா' என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும். அபுசுவா என்பது தாய்வழிக் குலம். கேட்காமல் மரத்தில் ஏற்றினால் செ.மா. கணக்கு ஒத்துவராமல் பிறகு மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். தாய்வழி டெஸ்ட் அதிகப் பயன் தருவதும் இப்படிப்பட்ட குடும்பங்களில்தான்; அபுசுவாவும் அந்த டி.என்.ஏ. கோடும் ஒரே பாதையில் இறங்குகின்றன.

கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: "உங்கள் குடும்பம் ஆட்களை விற்றதா?" அகான் மொழியில் ஒரு பழமொழி, "ஒருவர் இன்னொருவரின் பூர்வீகத்தை வெளியே சொல்வதில்லை" என்று பொருள். வீட்டுக்குள்ளேயே அடிமையாக வந்து குலத்தில் சேர்ந்தவர்களின் வழிவந்தோர் இருப்பார்கள்; அதைப் பேசுவது அவமானம், சில இடங்களில் வம்பு. நேராகக் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். போய்த் திரும்பாதவர்கள் யாராவது உண்டா, எந்த ஊர்ப் பாதையில் போகக்கூடாது என்று பாட்டி சொல்வாள், எந்த ஆற்றைத் தாண்டி ஆட்கள் வந்தார்கள் என்று சுற்றிக் கேட்டால் கதை வரும்.

பாட்டும் கேளுங்கள். 1930களில் மொழியியலாளர் லொரென்சோ டவ் டர்னர் ஜார்ஜியா கடற்கரையில் அமீலியா டாலி என்ற பெண்ணிடம் ஒரு சிறு பாட்டைப் பதிவு செய்தார். அர்த்தம் அவருக்கே தெரியாது. அது மெண்டே மொழி இரங்கல் பாட்டு. பல பத்தாண்டுகள் கழித்து சியரா லியோனில் செனெஹுன் ங்கோலா என்ற கிராமத்தில் ஒரு பெண் அதே பாட்டைப் பாட்டியிடம் கற்று வைத்திருந்தது தெரியவந்தது. 1997இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் அங்கே போனார். ஒரு சொட்டு எச்சிலும் செலவாகவில்லை. உங்கள் வீட்டு மூத்தவர்களின் தாலாட்டு, பொருள் புரியாத சொற்கள், துக்க வீட்டு வழக்கங்கள் எல்லாவற்றையும் டெஸ்ட்டுக்கு முன்பே பதிந்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள்

குடியுரிமைக்காக எடுப்பவர்கள், எந்த நாடு எந்த ஆதாரத்தை ஏற்கிறது என்பதை முதலில் பாருங்கள். நடிகர் ஐசையா வாஷிங்டனுக்கு டி.என்.ஏ. முடிவை வைத்து 2010இல் சியரா லியோன் குடியுரிமை கிடைத்தது. பெனின் 2024இல் சட்டமே கொண்டுவந்தது: 18 வயது நிரம்பி, வேறு ஆப்பிரிக்கக் குடியுரிமை இல்லாத, அடிமை வணிகத்தில் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தோர் விண்ணப்பிக்கலாம், டி.என்.ஏ. முடிவும் ஆதாரமாக ஏற்கப்படுகிறது. இதற்கெல்லாம் மேட்ச் பட்டியல் அவசியமில்லை. சொந்தம் தேடுவதும் பாஸ்போர்ட் தேடுவதும் இரண்டு தனி வேலை, ஒன்றுக்கு வாங்கிய டெஸ்ட் மற்றதற்கு உதவாமல் போகலாம்.

கம்பெனிகள் நிரந்தரமல்ல. ட்வென்டித்ரீ அண்ட் மீயில் 2023 தரவுத் திருட்டில் 69 லட்சம் பேரின் விவரம் போனது. 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது. மூலத் தரவையும், இறக்க முடிந்தால் மேட்ச் பட்டியலையும், வருடம் ஒரு முறை இறக்கித் தனி ட்ரைவில் வையுங்கள். அத்தை இறந்த பிறகு அவர் கணக்கின் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாமல் போவது அதை விடச் சாதாரணமாக நடக்கிறது. கணக்கை ஆரம்பிக்கும்போதே இரண்டாவது பொறுப்பாளராக ஒருவரைச் சேர்த்துவிடுங்கள்.

ஊரிலிருந்து நானாவோடு, அதாவது அந்தக் குலத்துப் பெரியவரோடு, முதல் வாட்ஸப் அழைப்பு கிடைக்கும்போது நீங்கள் குறைவாகப் பேசுங்கள். ஊரின் பெயரை அவர் வாயால் மூன்று முறை சொல்ல வைத்து அந்தக் குரலைச் சேமியுங்கள். ஆங்கில எழுத்தில் அனுப்பினால் ஒவ்வொரு பேரனும் ஒவ்வொரு விதமாக எழுதுவான். பேரனை வீட்டு வாசலில் நின்று லொகேஷனை அனுப்பச் சொல்லுங்கள். பழைய ஊர் வேறு, இப்போதிருக்கும் ஊர் வேறு என்றால் இரண்டுக்கும் தனித்தனியாக.